பன்னிரண்டாவது கொண்டை ஊசி

“நூறு மீட்டர் நேர். அப்புறம் வலது கொண்டை ஊசி. மூணாவது.”

இப்படிக் கத்துவதுதான் அந்தக் காரில் என் வேலை. மடியில் நோட்டு, கையில் பென்சில், கண் சாலையில். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அமெதேயோ தலையை ஆட்டி, வேகத்தைக் குறைத்து, அலுங்காமல் குலுங்காமல் வண்டியைத் திருப்பினான். பின் இருக்கையில் அவன் மனைவி ஓரியெத்தாவும் எங்கள் பல் டாக்டர் செனோவும் கைதட்டினார்கள்.

அமெதேயோவுக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று யாரிடமும் சொல்ல முடியாமல் வாயைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு போதும்.

முழுக் குருடு என்று சொல்ல முடியாது. பார்வையின் நடுவில் ஒரு கறை விழுந்து, இரண்டு வருடமாகப் பரவிக்கொண்டிருந்தது. சுவர் தெரியும், சுவரில் மாட்டிய கடிகாரம் தெரியாது. தட்டு தெரியும், தட்டில் இருப்பது தெரியாது. என்னைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் காதுக்கு அப்பால் எங்கோ பார்ப்பான். அப்போதுதான் ஓரக்கண்ணில் நான் விழுவேன். நேருக்கு நேர் பார்த்தானென்றால் என்னைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். எங்கள் ஊரான பியெல்லாவில் கம்பளி ஆலையின் சாயப்பட்டறையை முப்பது வருடம் நடத்தியவன் அவன். சாம்பல் நிறத்திலேயே நாற்பது வகை பிரித்துச் சொல்வான்.

ஏப்ரலில் என் ஹார்ட்வேர் கடைக்கு வந்து திருகாணிப் பெட்டிக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தான். பத்து நிமிடம் தடவினான். நான் கடைக் கதவைச் சாத்திவிட்டு, “எத்தனை நாளா?” என்று கேட்டேன். மறைக்கவில்லை, சொல்லிவிட்டான். கூடவே இதையும் சொன்னான்:

“வருஷா வருஷம் செப்டம்பர்ல நாலு பேரும் கார்ல மலைக்குப் போவோமே, இந்தச் செப்டம்பரும் ஒரு தடவை, நீவெஸ். ஒரே ஒரு தடவை. அக்டோபர்ல லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் டாக்டர் முன்னாடி உக்காரணும். அதோட எல்லாம் முடிஞ்சுது. நீ சொல்லு, நான் ஓட்டறேன். அந்தக் காலத்துல ரெண்டு பேரும் கார்ப் போட்டிக்குப் போவோமே, அது மாதிரி.”

“உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு.”

“நீ வரலைன்னாலும் நான் போவேன். செனோவைப் பக்கத்துல உக்கார வச்சுக்குவேன்.”

செனோவுக்கு வலது இடது எல்லாம் வாய்க்குள்ளே மட்டும்தான் தெரியும், அதுவும் அடுத்தவர் வாய்க்குள்ளே. அவனை நம்பிப் போனால் முதல் வளைவிலேயே கதை முடிந்து, நான்கு பேரில் நான் ஒருத்தி மட்டும் மிஞ்சுவேன். ஓரியெத்தாவிடம் சொல்லலாம் என்றால், என் கணவன் ஃபுல்வியோ இறந்த அன்று சவப்பெட்டியைச் சுமந்த தன் தோளைத் தொட்டு என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டான். அவளுக்குத் தெரியக்கூடாது, செனோவுக்கும் தெரியக்கூடாது. ஆக, போனாலும் தப்பு, போகாவிட்டாலும் தப்பு. வசமாக மாட்டிக்கொண்டேன். ஐந்து மாதம் அவனைத் திட்டிக்கொண்டே இருந்தேன், ஆனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்க்கேசா என்று நாங்கள் கூப்பிடும் அந்தக் கார் ஐம்பத்து நான்காம் வருடத்தில் பிறந்தது. கருநீலம், இரண்டே கதவு. சாலையின் வலது ஓரமாகப் போகும் எங்கள் நாட்டில் மற்ற கார்களுக்கு ஸ்டியரிங் இடது பக்கம், இதற்கு வலது பக்கம். அந்தக் காலத்தில் நல்ல வண்டிகளை இங்கே அப்படித்தான் செய்தார்கள். மலைப்பாதையில் ஓட்டுகிறவன் விளிம்பைத் தன் கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டும் என்பதற்காக. அதாவது பள்ளத்தின் பக்கம் உட்கார்ந்திருந்தது அமெதேயோ. நடுச் சாலையின் பக்கம் நான். நான் எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் விளிம்பு எனக்குத் தெரியாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. வண்டியைவிட வயது குறைந்த எதுவும் வண்டிக்குள் வரக்கூடாது. அந்தக் கணக்கில் அமெதேயோவைத் தவிர நாங்கள் யாருமே ஏற முடியாது என்று செனோ வருடா வருடம் சொல்வான், வருடா வருடம் சிரிப்போம். கிளம்பும்போது நான்கு போன்களையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, கயிறு கட்டி, டிக்கியில் வைத்துவிடுவோம். வழி பார்க்கப் பழைய வரைபடம், இல்லாவிட்டால் விதிவிலக்காக என் நோட்டு. அன்று நாங்கள் போன ஃபோர்லாஸ்கா கணவாய்க்கான நோட்டை நான் தொண்ணூற்றொன்றில் எழுதினேன். ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு நேர்ச்சாலையும், எத்தனை மீட்டர் என்பது உட்பட. அந்த வருடப் போட்டியில் எங்களுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. என் கையெழுத்து, என் அளவு. அதைச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தலைக்கனம், வேறு என்ன?

ஏறும்போது பெரிய தொல்லை இல்லை. ஏற்றத்தில் வண்டி மெதுவாகத்தான் போகும். தொல்லை கொடுத்தது பின் இருக்கைதான். அன்று இருவருக்கும் வாய் ஓயவில்லை.

“அடேயப்பா, பச்சை லாரி,” என்பான் செனோ. “எதிர்ல வருது பாருங்க. எவ்ளோ பெரிய லாரி.”

“லாரியைப் பார்த்ததே இல்லையா நீ?” என்றேன்.

“பச்சைல பார்த்ததில்ல.”

சிறிது நேரத்தில் ஓரியெத்தா ஆரம்பிப்பாள். “அந்த வலது பக்கத்துக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு அழகா இருக்கு. ரொம்பக் கிட்டத்துல இருக்கு இல்ல?”

“கல்லுச் சுவர்டி அது. அதுல என்ன அழகைக் கண்டே?”

“எனக்குக் கல்லு பிடிக்கும்,” என்றாள்.

நான் மீட்டர் எண்ணிக்கொண்டிருக்கும்போது இப்படிக் குறுக்கே பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது? வாயை மூடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். ஐந்து நிமிடம் அடங்கிவிட்டு, மஞ்சள் சைக்கிள் ஒன்று வருவதாகச் செனோ மறுபடி அறிவித்தான்.

உச்சியில் உள்ள விடுதியில் சோளக்களியும் மான் கறியும் சாப்பிட்டோம். நான் பாதியிலேயே தட்டைத் தள்ளி வைத்தேன். இதுவரை ஏற்றம், இனி சுவிட்சர்லாந்துப் பக்கம் இறக்கம். இருபத்தாறு கொண்டை ஊசி. பாதி வழி பள்ளம் வலது பக்கம். இங்கேயே எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

“எனக்கு வயிறு சரியில்ல,” என்றேன். “இன்னிக்கு இங்கயே தங்கிடலாமா?”

“அறை எல்லாம் நிரம்பிடுச்சாம்,” என்றான் அமெதேயோ, என் காதுக்கு அப்பால் பார்த்து. ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறான்.

“அப்ப செனோ கொஞ்ச தூரம் ஓட்டட்டுமே. உனக்கும் களைப்பா இருக்கும்.”

நடக்காது என்று தெரிந்துதான் கேட்டேன். முப்பத்தொரு வருடமாக அந்த ஸ்டியரிங்கை அவனைத் தவிர யாரும் தொட்டதில்லை. ஆனால் பதில் சொன்னது அமெதேயோ இல்லை. “நானா? எனக்குக் கியரே தெரியாது,” என்றான் செனோ, கொஞ்சம் அவசரமாக. ஓரியெத்தா தட்டைப் பார்த்துக் கொண்டிருந்தாள். அவளும் சாப்பிட்டிருக்கவில்லை.

காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியபோது, பெட்டிக்குள் வைத்து மூடியது போல இருந்தது. பயந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இறக்கத்தில் முதல் பதினொரு வளைவுகளும் நோட்டில் இருந்தபடியே வந்தன. “எண்பது நேர். இடது. ஏழாவது. பிரேக்கைத் தொடு. இன்னும். விடு.” என் குரல் அவன் காலை இழுப்பது எனக்கே தெரிந்தது. வலது ஜன்னலுக்கு வெளியே வானம் மட்டும் இருந்தது. எதிரே வந்த ஒவ்வொரு வண்டியிலும் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு வண்டியில் பின்னால் நாய் இருந்தது. இவர்களுக்கு நாங்கள் என்ன சத்தியம் செய்து கொடுத்தோம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டு அடுத்த வரியைப் படித்தேன்.

“முந்நூறு மீட்டர் நேர். ஏத்திக்கோ. அப்புறம் இடது கொண்டை ஊசி. பன்னிரண்டாவது.”

அமெதேயோ வேகம் எடுத்தான். அந்த நேர்ச்சாலை அவனுக்குப் பிடித்தமானது. நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினேன். முந்நூறு மீட்டர் நேர்ச்சாலை இல்லை. நூறு மீட்டருக்குள் சாலை இடது பக்கம் மடங்கி, பனிச்சரிவுக்குத் தடுப்பாக மலையை ஒட்டிக் கட்டிய புதிய சிமெண்ட் கூரைக்கு அடியில் நுழைந்தது. பழைய சாலை நேராகப் போய் இரண்டு கான்கிரீட் கட்டைகளில் முடிந்தது. கட்டைகளுக்குப் பின்னால் சாலை இல்லை. பனிச்சரிவு அதைக் கொண்டுபோய் எத்தனை வருடமாயிற்றோ.

“இடது,” என்று அலறினேன். “இடது, இப்பவே.”

ஒரு நொடிகூட யோசிக்காமல் திருப்பினான். டயர் கதறியது. என் பக்கத்துச் சுவர் முகத்துக்கு நேரே வந்தது. “வலது,” என்றேன். வலது பக்கம் இழுத்தான். வெயிலிலிருந்து திடீரென்று இருட்டு. பள்ளத்தின் பக்கம் தூண்கள். தூண்களுக்கு நடுவே வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது. அந்தக் கோடுகளில் அவனுக்கு மிச்சமிருந்த கொஞ்சப் பார்வையும் போய்விட்டது. “ஒண்ணும் தெரியல நீவெஸ்,” என்றான் மெதுவாக. பிரேக்கை அழுத்தி, வலது பக்கத்து இரும்புத் தடுப்பை உரசிக்கொண்டு வண்டியை நிறுத்தினான்.

அப்போதுதான் எதிரிலிருந்து மூன்று சுரத்தில் ஹாரன் கேட்டது. தபாலோடு பயணிகளையும் ஏற்றிப் போகும் மஞ்சள் தபால் பேருந்து. மலைச்சாலையில் அதற்குத்தான் முதல் உரிமை. அதன் ஓட்டுநர் ஒதுங்கச் சொன்னால் ஒதுங்க வேண்டும், பின்னால் போகச் சொன்னால் போக வேண்டும். அது எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, மூக்கை என் கதவுக்கு ஒரு சாண் தள்ளி நுழைத்து நின்றது. இதற்கு மேல் அதனாலும் வர முடியவில்லை. என் கதவுக்கு வெளியே பேருந்து. அமெதேயோவின் கதவுக்கு வெளியே இரும்புத் தடுப்பு. இரண்டு கதவையும் திறக்க வழியில்லை. பின்னால் இருப்பவர்கள் இறங்க வேண்டுமென்றால் நாங்கள் இறங்கினால்தான் உண்டு.

ஓட்டுநர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். “பின்னாடி எடுங்க ஐயா. நாப்பது மீட்டர் போனா போதும். எனக்குப் பின்னாடி ஆறு வண்டி நிக்குது.”

அமெதேயோ கியரைப் பிடித்தான். பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். பின்னால் பார்க்கத் திரும்பினான், திரும்பவும் முன்னால் பார்த்தான். பேருந்தின் முன் ஜன்னலில் ஒரு கிழவி மடியில் காளான் கூடையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பேருந்து இரண்டு விநாடி முன்னால் வந்திருந்தால் இவள் மீது மோதியிருப்போம். நான் காப்பாற்றிய சத்தியத்தின் விலை அந்தக் கூடையோடு தெரிந்தது எனக்கு.

“ஓரியெத்தா,” என்றேன் திரும்பாமல். “உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். ஏப்ரல்லேர்ந்து. இவனுக்கு...”

“கண்ணு தெரியாது,” என்றான் செனோ.

திரும்பினேன். செனோவின் முகம் சிவந்திருந்தது.

“உனக்கு எப்படிடா தெரியும்?”

“மார்ச்ல பல்லைக் காட்ட வந்தான். நாற்காலில உக்காரத் தெரியாம என் சாமான் தட்டைக் கவுத்துட்டான். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினான். முக்கியமா உன்கிட்ட. நீ கத்தறது இவனுக்குப் போதாதுன்னுதான் நானும் பச்சை லாரி, மஞ்சள் சைக்கிள்னு கத்திட்டு வரேன். நீ என்னன்னா வாயை மூடுன்னு விரட்டறே.”

இருவரும் ஓரியெத்தாவைப் பார்த்தோம். கல்லுச் சுவரின் அழகு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“நான் அவன் பொண்டாட்டி,” என்றாள். “மேசை மேல ஊத்தின காபியை யார் துடைக்கிறாங்கன்னு நெனைச்சீங்க? ஜனவரிலேர்ந்து துடைக்கிறேன். உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா உயிரை விட்டுடுவேன்னு அழுதான். உங்களைப் பார்த்தாலே எனக்கு வாயைத் திறக்க பயம்.”

பேருந்து மறுபடி மூன்று சுரத்தில் கூப்பிட்டது.

“ஏன்டா?” என்று அமெதேயோவிடம் கேட்டேன். “மூணு பேர்கிட்டயும் சொல்லியிருக்கே. மூணு பேருக்கும் தெரியும்னு உனக்குத் தெரியும். அப்புறம் எதுக்கு இந்தச் சத்தியம்?”

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துப் பேசினான். “உங்களுக்குள்ள தெரிஞ்சா மூணு பேரும் சேர்ந்து பேசி என்னை வீட்டுல உக்கார வச்சுடுவீங்க. தனித்தனியா இருந்தா, தான் போகலைன்னா இவன் செத்துடுவான்னு ஒவ்வொருத்தரும் பயந்துட்டுக் கூட வருவீங்க.” ஸ்டியரிங்கை விரலால் தடவினான். “வந்தீங்க.”

எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. நாற்பது வருட நட்பை எடைபோட்டு, எங்கள் பயத்தை எரிபொருளாக ஊற்றி வண்டி ஓட்டியிருக்கிறான். “பாவி,” என்றேன். “எங்க அன்பை வச்சு எங்களையே கட்டிப்போட்டியேடா.” செனோ மூக்கைச் சிந்தினான்.

“மேடம்,” என்றார் பேருந்து ஓட்டுநர், இப்போது என்னிடம். “வண்டில ஏதாவது கோளாறா?”

“ஒண்ணுமில்ல. ஓட்டற ஆளை மாத்தறோம். ரெண்டு நிமிஷம் கொடுங்க.”

அமெதேயோ அசையவில்லை. “என்னால ரிவர்ஸ் எடுக்க முடியும்,” என்றான்.

“முடியாது,” என்றாள் ஓரியெத்தா பின்னாலிருந்து. சத்தம் போடவில்லை. “நகரு, அமெதேயோ.”

மார்க்கேசாவின் முன் இருக்கை ஒரே நீளப் பலகை, கியரும் ஸ்டியரிங்கின் கழுத்தில்தான். இல்லாவிட்டால் எங்கள் கதி என்னவாகியிருக்குமோ. அவன் என் பக்கம் சரிந்தான், நான் அவன் மேலே ஏறினேன். அறுபத்து மூன்று வயதில் என் முழங்கால் அப்படியெல்லாம் மடங்காது. என் பாவாடை ஹாரனில் மாட்டி அது ஒரு முறை அலறியது. காளான் கிழவி கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

“என் புருஷன் மடியில உக்கார இப்பதான் உனக்கு நேரம் கெடைச்சுதா?” என்றாள் ஓரியெத்தா.

செனோ சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு. அமெதேயோ மட்டும் சிரிக்கவில்லை. அவன் கை கடைசிவரை ஸ்டியரிங்கில் இருந்தது. ஒவ்வொரு விரலாக நான்தான் எடுத்தேன்.

ரிவர்ஸ் எடுத்தேன். இரும்புத் தடுப்பு கதவோரம் கீறிக்கொண்டே வந்தது. பழைய பெயிண்ட் உரியும் சத்தம் அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். செனோ பின் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு, “வா, வா, கொஞ்சம் இடது,” என்று சொல்லிக்கொண்டிருந்தான். இடது என்று சொன்ன இரண்டு தடவையும் அவன் கை வலது பக்கம் காட்டியது. கையை நம்பினேன். வெயிலுக்கு வந்து ஒதுங்கி நின்றோம். பேருந்து பக்கத்தில் வந்ததும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார்.

“அருமையான வண்டி. எந்த வருஷம்?”

“ஐம்பத்து நாலு,” என்றான் அமெதேயோ. அந்த நாளில் அவன் குரல் நன்றாக இருந்தது அப்போது மட்டும்தான்.

பிறகு நான் ஓட்டினேன். பள்ளம் இப்போது என் பக்கம் இருந்தது. விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. அந்த வண்டியைச் செய்தவர்கள் எதற்கு அப்படிச் செய்தார்கள் என்பதும் புரிந்தது. என் நோட்டு அவன் மடியில் மூடியபடி கிடந்தது. கூரையைத் தாண்டி வெகுதூரம் வந்தபின் அவன் வாயைத் திறந்தான்.

“பன்னிரண்டை எடுத்துட்டாங்களா?”

“எடுத்துட்டாங்க.”

“யாருமே சொல்லலையே,” என்றான்.

மீதி வழியை நோட்டு இல்லாமலே ஓட்டினேன். லாரி வந்தது, சைக்கிள் வந்தது, செனோ எதையும் அறிவிக்கவில்லை.

அடிவாரத்துக் கிராமத்தில் தேவாலயத்தின் முன்னால் நிறுத்தினேன். செனோவும் ஓரியெத்தாவும் டிக்கியைத் திறந்து பிஸ்கட் டப்பாவின் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தார்கள். அமெதேயோ இறங்கி, கீறல் விழுந்த கதவை விரலால் தடவிப் பார்த்தான். அடியிலிருந்து நுனிவரை தடவினான். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வழக்கமாக அவன் கையை நீட்டுவான். நீட்டினால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தேன், மறைக்கவும் முடியவில்லை.

“சாவி உன்கிட்டயே இருக்கட்டும், நீவெஸ்,” என்றான்.

சொல்லும்போது முகத்தைத் திருப்பவில்லை. என் காதுக்கு அப்பால் பார்க்கவில்லை. என் முகத்துக்கு நேராக, கண்ணுக்கு நேராகப் பார்த்தான்.